லோகோவில் நின்றுபோன கணினி: விளக்கைப் பார்த்துக் கண்டுபிடித்த பழுது

எந்திரம்: நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10.

கோளாறு: பவர் பட்டனை அழுத்தினால் மதர்போர்டு லோகோ வரும். அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் சுழல ஆரம்பிக்கும், பிறகு சுழன்றுகொண்டே இருக்கும். சில சமயம் இருபது நிமிடம் போல் விட்டுவைத்தால் டெஸ்க்டாப் வந்துவிடும். சில சமயம் எவ்வளவு நேரம் விட்டாலும் வராது.

இப்போது அதே விண்டோஸ், அதே கோப்புகளோடு அரை நிமிடத்துக்குள் ஏறுகிறது. மாற்றியவை பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டு மென்பொருள்) பேட்டரி, டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள், டிஸ்க் ஆகிய மூன்று மட்டுமே. இந்த மாதிரிப் புகாருக்கு உடனே கிடைக்கும் பதில் "ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டுடலாம்" என்பதுதான். இந்த எந்திரத்தில் அதைச் செய்திருந்தால் கோப்புகள் போயிருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, லோகோவுக்குக் கீழே புள்ளிகள் இருக்கின்றனவா என்பது. லோகோ மட்டும் நின்று புள்ளிகள் வரவில்லை என்றால் பயாஸ் இன்னும் தன் வேலையையே முடிக்கவில்லை. ரேம், யுஎஸ்பி, டிஸ்க் இவற்றில் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. புள்ளிகள் சுழன்றால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் ஏறத் தொடங்கிவிட்டது. விண்டோஸ் 8 முதல் மதர்போர்டு லோகோவை அழிக்காமல் அதன் கீழேயே புள்ளிகளைச் சுழல விடுவதால் இரண்டும் ஒரே திரை போலத் தெரியும். ஆனால் பழுது தேட வேண்டிய இடங்கள் முற்றிலும் வேறு.

இரண்டாவது, கேபினெட்டின் முன்பக்க டிஸ்க் விளக்கு. நன்றாக இருக்கும் கணினியில் பூட் ஆகும்போது அது ஒழுங்கில்லாமல் மின்னும். விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் டிஸ்கிடம் கேட்ட தரவு வந்து சேரவில்லை என்று பொருள். புள்ளிகள் சுழல, விளக்கு முழுக்க அணைந்திருந்தால் சந்தேகம் டிரைவர் பக்கம் போகும். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இது. காசில்லை, கருவி இல்லை, ஆனாலும் பெரும்பாலானோர் திரையை மட்டுமே பார்க்கிறார்கள்.

மூன்றாவது, கீபோர்டின் கேப்ஸ் லாக். அழுத்தும்போது அதன் விளக்கு மாறினால் கணினி உறைந்துபோகவில்லை, எதற்கோ காத்திருக்கிறது.

இங்கே கிடைத்த விடைகள்: புள்ளிகள் சுழல்கின்றன, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது, கேப்ஸ் லாக் மாறுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தாலே டிஸ்க் அல்லது அதன் கேபிள் என்று பாதி முடிவாகிவிடும். ஆனாலும் பயாஸ் லோகோவும் வழக்கத்தைவிடச் சற்று நேரம் நின்றதால், அடிப்படைச் சோதனைகள் எல்லாம் வரிசையாக நடந்தன. அவற்றில் சில வீண். அவற்றையும் எழுதிவைக்கிறேன்.

திறப்பதற்கு முன் இரண்டு வேலை. பயாஸுக்குள் போய் முழுத்திரை லோகோவை அணைத்து, ஃபாஸ்ட் பூட்டையும் அணைத்தால் பயாஸ் எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது எழுத்தில் தெரியும். அதே கையோடு பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பது கீழே வரும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) போட்ட கணினி என்றால் 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் பயாஸ் அமைப்பு எதையும் தொடக் கூடாது. பூட் தொடர்பான அமைப்பு மாறினால் பிட்லாக்கர் அந்த எண்ணைக் கேட்கும், இல்லையென்றால் உள்ளே விடாது.

யுஎஸ்பி, மின்சாரம், பேட்டரி

கீபோர்டைத் தவிர யுஎஸ்பியில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று: பிரிண்டர், வெப்கேம், புளூடூத் டாங்கிள். முன்பக்க கார்டு ரீடர் மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகப்பட்டிருக்கும், அதை மறந்துவிடுவது எளிது. அதன் ஒயரையும் கழற்ற வேண்டும். மாற்றம் ஏதுமில்லை. இரண்டு நிமிட வேலை என்பதால் எப்போதும் இதிலிருந்து தொடங்குவதே சரி. லோகோவில் மட்டும் நிற்கும் கணினிகளில் கெட்டுப்போன பென் டிரைவோ கார்டு ரீடரோ காரணமாக இருப்பது அரிதல்ல.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. கணினி ஓடும்போதே மல்டிமீட்டரில் எடுத்த அளவுகள்: மஞ்சள் ஒயர் 11.94 வோல்ட், சிவப்பு 5.06, 24 முனை கனெக்டரின் பின்புறம் ஆரஞ்சு 3.31. மூன்றுக்கும் அனுமதி 5 சதவீதம் கூடவோ குறையவோ. அதாவது 12 வோல்ட் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.135 முதல் 3.465 வரை இருக்கலாம். எல்லாம் சரி. ஆனால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், மின்னழுத்தத்தில் இருக்கும் வேகமான அலைவைக் காட்டாது. அதனால் மீட்டர் சரி என்பதை எஸ்எம்பிஎஸ் நல்லது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாமல், மோசமில்லை என்ற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிஆர்2032 பயாஸ் பேட்டரி 2.41 வோல்ட் காட்டியது. புதியதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும், 2.8க்குக் கீழே போனாலே மாற்றிவிடுவது நல்லது. பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட்டு, பேட்டரியை மாற்றியாயிற்று.

மாற்றியதும் கோளாறு வேறு முகம் காட்டியது: புள்ளிகள் சில விநாடி சுழன்று நீலத்திரை, "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்". பேட்டரியைக் கழற்றியபோது பயாஸ் இயல்பு அமைப்புக்குப் போய்விட்டது, அந்த இயல்பில் சாட்டா மோடு (போர்டு டிஸ்கோடு பேசும் முறை) ரெய்டு. விண்டோஸ் நிறுவப்பட்டதோ ஏஹெச்சிஐ மோடில். வேறு மோடில் டிஸ்கைப் படிக்க வேண்டிய டிரைவர் ஆரம்பத்திலேயே ஏறாததால் விண்டோஸுக்குத் தன் டிஸ்கே தெரியவில்லை. முன்பு எடுத்த படத்தைப் பார்த்து ஏஹெச்சிஐக்குத் திருப்பியதும் பழைய கோளாறு, பழைய இடத்தில். பேட்டரி தானாகவே தீர்ந்துபோகும் கணினிகளில் இதே நீலத்திரை ஒருநாள் காரணமே இல்லாமல் வந்ததுபோல் தோன்றும். தேதி தவறாக இருந்தால் முதலில் சாட்டா மோடையும், யுஇஎஃப்ஐயா பழைய முறையா என்ற பூட் மோடையும் பார்க்க வேண்டும்.

ரேம்

இதில்தான் நேரம் அதிகம் வீணானது. இரண்டு ரேமையும் கழற்றி, தங்க நிற முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தது. பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அவசரத்துக்கு ஆகும், ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய தொல்லை. பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+, பென் டிரைவிலிருந்து. 8 ஜிபிக்கு ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிழை பூஜ்யம்.

ரேம் கெட்டால் கணினி பெரும்பாலும் இப்படிப் பொறுமையாகக் காத்திருக்காது. டிஸ்பிளே வராது, பீப் அடிக்கும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீலத்திரை காட்டும். டிஸ்க் விளக்கு விடாமல் எரியும்போது மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓட விடுவதில் பொருளில்லை.

டிஸ்க்

கணினியை அணைத்துச் சாட்டா டேட்டா கேபிளை மட்டும் பிடுங்கி ஆன் செய்தபோது பயாஸ் சட்டென்று முடிந்து, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற செய்திக்கு வந்துவிட்டது. திரும்ப மாட்டினால் பழைய இழுவை. சந்தேகம் டிஸ்க், கேபிள், போர்டின் சாட்டா போர்ட் என்ற மூன்றுக்குள் சுருங்கியது.

இந்த நிலையில் கணினியைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து அணைப்பது ஆபத்து. விண்டோஸ் அடுத்தடுத்து பூட் ஆகத் தவறினால் தானாகவே பழுதுநீக்கும் திரைக்குப் போய், கேட்காமலேயே செக் டிஸ்க் என்ற பிழைதிருத்தும் கருவியை ஓட்டத் தொடங்கலாம். சாகப்போகும் டிஸ்கில் செக் டிஸ்க் என்பது, இருக்கும் கொஞ்ச ஆயுளையும் தேடலில் செலவழித்து, படிக்க முடியாத கோப்புப் பதிவுகளை வெட்டித் தள்ளும் வேலை. நகல் எடுக்கும் முன் அது கூடவே கூடாது.

அதனால் விண்டோஸையே தொடாமல், நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென் டிரைவிலிருந்து ஏறி, பார்ட்டிஷன் எதையும் மவுன்ட் செய்யாமல் (திறக்காமல்), ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் டிஸ்கின் ஸ்மார்ட் பட்டியலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் படித்தது. மேலே "பாஸ்ட்" என்று நிம்மதியாக எழுதியிருந்தது. அந்த வரியை நம்பவே கூடாது. பார்க்க வேண்டியவை வலது ஓரத்து மூல எண்கள்.

5ஆம் எண், மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்): 0.
197ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை: 48.
198ஆம் எண், திருத்த முடியாதவை: 48.
199ஆம் எண், கேபிள் வழித் தரவுப் பிழை: 1,316.

இரண்டு பழுதுகள் ஒன்றாக இருக்கின்றன என்று இதற்குப் பொருள். 199 டிஸ்கின் தட்டைப் பற்றியதல்ல. டிஸ்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த கணக்கு. கேபிள், கனெக்டர், அரிதாகப் போர்ட். அந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால் இன்னும் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. பூட்டு கிளிப் உள்ள புதிய கேபிள் போட்டு, வேறு போர்ட்டில் செருகிய பிறகு 1,316லேயே நின்றுவிட்டது. பயாஸ் கட்டத்தின் இழுவையும் கேபிளோடு போயிற்று. புள்ளிகள் மட்டும் தொடர்ந்து சுழன்றன, ஏனென்றால் 197 உண்மையான பழுது.

48 என்பது 8இன் மடங்கு. இந்த டிஸ்க் உள்ளே 4,096 பைட் செக்டராகவும் வெளியே 512 பைட் செக்டராகவும் காட்டும் வகை. உள்ளே ஒன்று கெட்டால் வெளியே எட்டு. ஆக உண்மையில் கெட்டவை ஆறே இடங்கள். ஆறு இடத்துக்கா இருபது நிமிடம் என்றால், ஆமாம். வீட்டுக் கணினிக்கான டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் சும்மா விடாது, வெகுநேரம் திரும்பத் திரும்ப முயலும். விண்டோஸ் பொறுமையிழந்து டிஸ்கை ரீசெட் செய்து மறுபடி அதே செக்டரைக் கேட்கும். இதைச் சுருக்கிக்கொள்ளத்தான் சேமிப்புச் சர்வர்களுக்கான டிஸ்குகளில் 7 விநாடி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

நகல்

பழைய டிஸ்கை அப்படியே புதிய 1 டிபி எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்க, இரண்டும் போர்டின் சாட்டா போர்ட்டுகளிலேயே. யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் பழுதான டிஸ்கைப் படிக்கக் கூடாது. பல அடாப்டர்கள் படிப்புப் பிழை வந்ததும் தாங்களே தொங்கிவிடும். எஸ்எஸ்டியின் மொத்த செக்டர் எண்ணிக்கை பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். இங்கே இரண்டிலும் 1,95,35,25,168. "1 டிபி" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 960 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டியில் இந்த நகல் அடங்காது.

நகல் எடுக்கும் கருவி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்கின் சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்வது அவசியம், ஏனென்றால் இடம் மாறினால் திரும்பி வர வழியில்லை. எது படித்தாயிற்று, எது விடுபட்டது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பை இன்னொரு பென் டிரைவில் எழுதச் சொன்னது, லைவ் லினக்ஸின் நினைவில் வைத்தால் மின்சாரம் போனதும் அதுவும் போகும். மேப் இருந்தால் பாதியில் நின்ற நகல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதல் ஓட்டம், கெட்ட இடங்களைத் தோண்டாமல் தாண்டிச் செல்லும் விருப்பத்தோடு. தொடக்கத்தில் விநாடிக்கு 150 எம்பிக்குப் பக்கம், முடிவில் 80 போல், கெட்ட இடத்தருகே பூஜ்யம். மூன்று மணி நேரத்துக்கு உள்ளாக முடிந்தது. இரண்டாம் ஓட்டம், விடுபட்டவற்றை மட்டும், நேரடிப் படிப்பு விருப்பத்தோடு மூன்று மறுமுயற்சி. பின் எதிர்த்திசையில் ஒருமுறை. டிஸ்கின் மீது சிறு ஃபேன் ஒன்றைத் திருப்பி வைத்திருந்ததில் சூடு 41 டிகிரியைத் தாண்டவில்லை. ஆறில் ஒன்று எதிர்த்திசை ஓட்டத்தில் படிக்கக் கிடைத்தது. ஐந்து கிடைக்கவில்லை. 1 டிபியில் இழப்பு 20 கேபி.

அந்த 20 கேபி எந்தக் கோப்பில் என்று தெரிந்துகொள்வது, செய்யாவிட்டாலும் ஓடும் வேலை. ஆனால் செய்தால் நிம்மதி. மேப் கோப்பில் உள்ள பைட் இடத்தை 512ஆல் வகுத்து, பார்ட்டிஷன் தொடங்கும் செக்டரைக் கழித்து, 8ஆல் வகுத்தால், விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அந்த இடத்தின் கிளஸ்டர் எண். அதை நகலில் என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் கருவியிடம் கொடுத்தால் கோப்பின் பெயர் வரும். மூன்று பேஜ்ஃபைலில் (ரேமுக்குத் துணையான தற்காலிகக் கோப்பு), விண்டோஸ் அதைப் புதிதாக எழுதிக்கொள்ளும். இரண்டு வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில், பழைய அப்டேட் ஒன்றின் மிச்சம். கடைசியில் படிக்கக் கிடைத்த அந்த ஒன்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் சாஃப்ட்வேர் ஹைவ் என்ற கோப்பு. கோளாறின் முழு வடிவமும் இதில் அடங்கிவிட்டது. புள்ளிகள் சுழலும் கட்டத்தில் விண்டோஸ் அந்த ஹைவைப் படித்தே ஆக வேண்டும். செக்டர் சில நாள் பல முயற்சிக்குப் பின் படிக்கவிட்டது, சில நாள் விடவே இல்லை.

எஸ்எஸ்டியில் முதல் பூட்

பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். ஒரே அடையாள எண்ணுள்ள இரண்டு டிஸ்குகளை விண்டோஸ் பார்த்தால் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், பூட் பதிவும் குழம்பும்.

நேராக டெஸ்க்டாப் போகாமல், விண்டோஸ் நிறுவல் பென் டிரைவின் மீட்புத் திரையிலிருந்து கமாண்ட் பிராம்ப்ட். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். விண்டோஸில் "சி" ஆக இருப்பது இங்கே "டி" ஆகலாம். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று முதலில் பட்டியலிட்டுப் பார்க்காமல் எதையும் ஓட்டக் கூடாது. பிறகு செக் டிஸ்க், "எஃப்" விருப்பத்தோடு மட்டும். எஸ்எஸ்டியில் முழுப் பரப்பையும் படிக்கும் "ஆர்" தேவையில்லை. அதன் பின் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி, வெளியிலிருந்து ஓட்டுவதால் பூட் டிரைவையும் விண்டோஸ் ஃபோல்டரையும் சேர்த்துச் சொல்லி. கெட்ட கோப்புகளைக் கண்டு சரிசெய்ததாக அறிக்கை.

டெஸ்க்டாப் வந்தபின் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர். பழைய பதிவுகளில் 129 எண்ணுள்ள ரீசெட் எச்சரிக்கைகள் வரிசை வரிசையாக, இடையிடையே கெட்ட பிளாக்குக்கான 7. கணினி ஒருமுறையாவது ஏறும் நிலையில் இருந்தால் இந்த இரண்டு எண்களைத் தேடுவதே குறுக்குவழி. எஸ்எஸ்டிக்கு மாறிய பின் இரண்டும் இல்லை. டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் பதிவில் 100 என்ற எண், பூட் நேரத்தை மில்லி விநாடியில் தரும்: 26 ஆயிரத்துச் சொச்சம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்தாயிற்று. அது இருந்தால் ஷட் டவுன் என்பது உண்மையான ஷட் டவுன் அல்ல; கெர்னலின் நிலையைக் கோப்பில் எழுதி வைத்து அடுத்த முறை அதிலிருந்து எழும். அந்தக் கோப்பு கெட்டால் புள்ளிகளோடு நிற்கும், ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் சரியாக ஏறும். எஸ்எஸ்டியில் அது மிச்சப்படுத்தும் சில விநாடிக்கு இந்தத் தொல்லை தகாது.

விளக்கு அணைந்திருந்தால்

இந்தப் பதிவின் கணினி அந்த வகை அல்ல, இருந்தாலும் பாதை சுருக்கமாக. மீட்புத் திரையின் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4 சேஃப் மோட், 3 குறைந்த ரெசல்யூஷன், 2 பூட் பதிவு. சேஃப் மோடில் ஏறினால் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரோ, அண்மையில் போட்ட வேறு டிரைவரோ, ஆன்டிவைரஸோ. பூட் பதிவுக் கோப்பில் கடைசியாகத் தெரியும் டிரைவரைக் குற்றவாளியாக்கி நீக்கிவிட வேண்டாம்; அது ஏறி முடித்தது, நின்றது அதற்கு அடுத்ததில். அப்டேட் பாதியில் நின்றிருந்தால் மீட்புத் திரையிலிருந்து டிஸ்ம் கருவியின் ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ் அதைத் திருப்பிவிடும்.

அடுத்த முறை மாற்றப்போவது

வரிசையைத்தான். விளக்கு விடாமல் எரிந்தால் லைவ் பென் டிரைவும் ஸ்மார்ட் பட்டியலும் முதலில், ரேம் கடைசியில். சாட்டா கேபிள் ஒன்றைச் சந்தேகமே இல்லாவிட்டாலும் மாற்றிவிட்டுத் தொடங்குவது. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். நகல் முடியும்வரை பழைய டிஸ்கிலிருந்து விண்டோஸை ஒருமுறைகூட ஏற்றாமல் இருப்பது. பையில் இருக்க வேண்டியவை: லினக்ஸ் லைவ், விண்டோஸ் நிறுவல், மேப் கோப்புக்கு என மூன்று பென் டிரைவ், ஒரு சிஆர்2032, இரண்டு சாட்டா கேபிள், மல்டிமீட்டர்.

பழைய டிஸ்க் இன்னும் கழற்றியபடி, மேப் கோப்போடு, அழிக்காமல் இருக்கிறது. எஸ்எஸ்டி நகலில் ஏதாவது கோப்பு திறக்கவில்லை என்றால் அதில்தான் தேட வேண்டும். தேவை தீர்ந்ததும் முழுக்கப் பூஜ்யம் எழுதினால் 197 பெரும்பாலும் 0க்கு வந்துவிடும், மாற்றிடம் தரப்பட்டவை இருந்தால் 5ஆம் எண் கூடும். 0 ஆனாலும் அதை பூட் டிஸ்காக இனி மாட்டப்போவதில்லை, இன்னொரு பிரதி உள்ள தரவுக்கு மட்டும்.